பூபதி மைக் பிடித்த பிறந்தநாள்

"ஃப்ளெக்ஸ் பேனருக்கு இந்தப் போட்டோவைப் போட்டுக்குங்கக்கா" என்று ராதிகா தன் போனை நீட்டினாள்.

கலைமதி வாங்கிப் பார்த்தாள். நடுவில் பட்டுப் பாவாடையில் ஒரு பெண் குழந்தை. ஒரு பக்கம் ராதிகா. இன்னொரு பக்கம் நின்றவனுக்குத் தொப்பை விழுந்திருந்தது, முன்மண்டையில் முடி போயிருந்தது. ஆனால் சிரிக்கும்போது இடது கண் மட்டும் சுருங்குகிற அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது.

"இது உங்க வூட்டுக்காரருங்களா?"

"ஆமாங்கக்கா. பூபதி. அதியமான்கோட்டையில ஹைவே மேலயே டிராக்டர் ஸ்பேர் பார்ட்ஸ் கடை வெச்சிருக்காரு."

கலைமதி போனைத் திருப்பிக் கொடுத்தாள். பேனருக்கான அளவைக் குறித்துக்கொண்டாள். இப்படி ஒரு நாள் வந்தால் எழுந்து ஓடிவிடுவோம் என்றுதான் அவள் இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

ஒன்பது வருஷங்களுக்கு முன்னால் இந்தப் பூபதிக்கும் அவளுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவளுக்கு இண்டூர், அவனுக்குப் பாப்பிரெட்டிப்பட்டி. பத்திரிகை அடித்து, சொந்தபந்தம் எல்லோருக்கும் கொடுத்து முடித்து, பந்தலுக்கு ஆள் சொல்லியிருந்த வாரத்தில், அவனுடைய அம்மா சின்னம்மாள் உறவுக்காரர்கள் இரண்டு பேருடன் காரில் வந்து இறங்கினாள். வீட்டுக்குள் வரவில்லை. வாசலில் நின்றபடியே, "உங்க பொண்ணுக்குக் காக்கா வலிப்பாமே. மறைச்சு எந்தலையில கட்டப் பார்த்தீங்களே, இது நாயமா?" என்று தெருவுக்கே கேட்கிற குரலில் கேட்டுவிட்டு, அதே காரில் ஏறிப் போய்விட்டாள். பூபதி வரவில்லை. போனையும் எடுக்கவில்லை. கடைசியில் ஒரு தடவை எடுத்தவன், "எங்களுக்கு விசயம் தெரிஞ்சுபோச்சு, விட்டுடு" என்று சொல்லி வைத்துவிட்டான்.

நிஜத்தில் விஷயம் வேறு. ஓசூரில் சொந்த வீடும் கடைகளும் உள்ள குடும்பம், ஒரே பெண் என்று ராதிகாவின் இடம் வந்திருந்தது. நிச்சயம் செய்த பெண்ணைக் காரணம் இல்லாமல் விட்டால் நாலு பேர் காறித் துப்புவார்கள். காரணம் இருந்தால் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். அதற்காக உட்கார்ந்து யோசித்துச் செய்த காரணம்தான் வலிப்பு.

கலைமதிக்குப் பிறந்ததிலிருந்து வலிப்பு வந்ததில்லை. அப்பா காளியப்பன் அவளைச் சேலத்துக்குக் கூட்டிப்போய் நரம்பு டாக்டரிடம் காட்டினார். ஒன்றுமே இல்லை என்று டாக்டர் சொன்னதை வீடு வீடாகப் போய்ச் சொன்னார். கேட்டவர்கள் "சரிங்க, சரிங்க" என்றார்கள். பிறகு அவளை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். ஒரு கல்யாண வீட்டில் வெயிலுக்குத் தலை சுற்றி அவள் சுவரில் சாய்ந்தபோது, பக்கத்தில் இருந்த பெண்மணி பதறியடித்து ஒரு கொத்து இரும்புச் சாவியை அவள் கைக்குள் திணித்தாள். சுற்றி நின்ற கூட்டம் அவள் வாயில் நுரை வருகிறதா என்று பார்த்தது. காளியப்பன் கடைசியாகப் போன விசேஷம் அதுதான். அதற்கப்புறம் யார் வீட்டு நல்லதுக்கும் அவர் போகவில்லை. மொய்யை யார் கையிலாவது கொடுத்தனுப்பிவிடுவார். கலைமதிக்கு வந்த வரன்களெல்லாம் விசாரிக்கப் போன இடத்திலேயே நின்றுபோயின.

வீட்டில் முடங்கிக் கிடக்கப் பிடிக்காமல்தான் அவள் தருமபுரிக்கு வந்தாள். முதலில் ஒரு கேக் கடையில் வேலை. அங்கிருந்தபடியே பலூன் கட்டக் கற்றுக்கொண்டாள். இப்போது பென்னாகரம் ரோட்டில் மருந்துக் கடைக்கு மேல்மாடியில் அவளுக்கே ஒரு கடை. மண்டபம், அலங்காரம், கேக், சமையல் எல்லாம் அவளே பேசி முடித்துக் கொடுப்பாள். "பட்ஜெட்டை மட்டும் சொல்லுங்க, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்" என்பது அவள் வழக்கமாகச் சொல்வது. அதை நம்பித்தான் ராதிகா வந்திருந்தாள். மகள் கவினிலாவுக்கு ஐந்தாவது பிறந்தநாள்.

அந்தத் தேதி காலியாக இல்லை என்று சொல்லி அனுப்பிவிடலாம் என்று கலைமதிக்கு நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் ராதிகாவைப் பார்த்தால் கோபம் வரவில்லை. வெள்ளந்தியான பெண். வந்தவுடனே அக்கா என்று ஒட்டிக்கொண்டாள். இவளுக்கும் நமக்கும் என்ன, வேலையைச் செய்வோம், கூலியை வாங்குவோம் என்று மனசைத் தேற்றிக்கொண்டு கால்குலேட்டரை எடுத்தாள்.

"எண்பதாயிரத்துக்கு மேல ஒத்த பைசா கிடையாதுன்னுட்டாருக்கா" என்றாள் ராதிகா. "ஆனா பார்க்கறவங்களுக்கு ஒன்ற லச்சம் மாதிரி தெரியணுமாம்."

பூபதி கடையிலிருந்தே போனில் பேரம் பேசினான். ராதிகா ஸ்பீக்கரில் போட்டு மேஜை மேல் வைத்தாள்.

"ஏம்மா, காத்தடிக்கிற பலூனுக்கு இவ்ளோவா? கொறைம்மா."

"ஆள் கூலி இருக்குதுங்க."

"பாதிப் பலூன் போதும். மேடைக்கு முன்னால மட்டும் கட்டு, பின்னால யாரு பாக்கறா?"

குரலை அவனுக்கு அடையாளம் தெரியவில்லை; ராதிகாவும் கடைக்கார அக்கா என்பதோடு சரி, பேரைச் சொன்னதில்லை. கலைமதிக்கு அது வேடிக்கையாகவும் இருந்தது, எரிச்சலாகவும் இருந்தது. தினமும் பேசிச் சிரித்துப் பாதி ராத்திரி வரை போனை வைக்கவிடாத குரல்தானே இது.

ராதிகா மூன்றாவது முறை வந்தபோதுதான் அது நடந்தது. மேடைக்கு டிஸ்கோ லைட் வைக்கலாமா என்று கலைமதி கேட்டாள். பளிச் பளிச்சென்று வெட்டி வெட்டி எரிகிற விளக்கு, குழந்தைகளுக்குப் பிடிக்கும்.

"அய்யோ, வேணாங்கக்கா" என்றாள் ராதிகா. "அந்த மாதிரி லைட்டு வலிப்புக்காரங்களுக்கு ஆவாதாம். எங்க அத்தை சொல்வாங்க. இவருக்கு மொதல்ல ஒரு பொண்ணு பேசியிருந்தாங்க, இண்டூர்ல. அதுக்கு வலிப்பு. மறைச்சுட்டாங்களாம். கடைசி நேரத்துல சாமி புண்ணியத்துல தெரிஞ்சு, தப்பிச்சாரு. நெனச்சா பாவமாத்தான் இருக்குது. எங்க கெடந்து அல்லாடுதோ அந்தப் பொண்ணு."

கலைமதி பேனாவை மூடி வைத்தாள். "பாவந்தாங்க" என்றாள்.

ஒன்பது வருஷத்தில் பொய் செத்துப்போயிருக்கும் என்று அவள் நம்பியிருந்தாள். சாகவில்லை. அவன் வீட்டில் சோறு போட்டு வளர்த்துக்கொண்டிருந்தார்கள். நாளைக்கு இந்தக் குழந்தை வளர்ந்ததும் அதற்கும் சொல்லுவார்கள். தன் மேல் பரிதாபப்பட்டு உச்சுக்கொட்டுகிற அந்த முகத்தைப் பார்த்தபடி, கலைமதி அதே நாற்காலியில் உட்கார்ந்து முடிவெடுத்தாள். அவன் வாயாலேயே அதைக் கொல்ல வேண்டும். நாலு பேர் முன்னால் சொன்ன பொய்யை நாலு பேர் முன்னால்தான் எடுக்க வேண்டும். அதற்கு அந்த நாலு பேர் வேண்டுமே?

"யாரையெல்லாம் கூப்பிடறீங்க?" என்று கேட்டாள்.

"இங்க டவுன்ல இருக்கறவங்க மட்டுந்தாங்க. பாப்பிரெட்டிப்பட்டிச் சனம், இண்டூர்ல இருந்து கடைக்கு வாடிக்கையா வர்ற காட்டுக்காரங்கன்னு எல்லாரையும் கூப்பிட்டா சாப்பாட்டுச் செலவு தாங்காதுங்கறாரு."

"நான் ஒரு வழி சொல்றேன் கேளுங்க" என்றாள் கலைமதி.

அன்றைக்கு அவள் போட்ட பட்ஜெட்டைப் போல அவள் தொழிலில் யாருக்கும் போட்டதில்லை. அலங்காரத்தில் பாதியைக் குறைத்தாள். தன் கூலியைக் கிட்டத்தட்ட இல்லாமலே ஆக்கினாள். விலை கூடிய மண்டபத்தை விட்டுவிட்டு, அதே ரோட்டில் தனக்குப் பழக்கமான சின்ன மண்டபத்தைப் பேசினாள். மிச்சமான பணம் முழுவதையும் பிரியாணியில் போட்டாள். "அதே எண்பதாயிரத்துல இன்னும் நூறு பேருக்கு எலை போடலாம். பாப்பிரெட்டிப்பட்டி, இண்டூரு, உங்க வூட்டுக்காரரு பக்கத்துப் பெரியவங்க ஒருத்தர் விடாம கூப்பிடுங்க. கடைக்காரரு எவ்ளோ பெருசா வளர்ந்துட்டாருன்னு ஊர்க்காரங்க பார்க்க வேணாமா?"

போனில் அதைக் கேட்ட பூபதி, "இது நல்ல யோசனையா இருக்குதே. மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல?" என்றான்.

சமையல்காரர் மாது அவளுக்கு அண்ணன் மாதிரி. நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் அவருக்குச் சமையல் கொட்டகை இருந்தது. "பிரியாணியை வேன்ல ஏத்தி ரெடியா வெச்சுக்குங்க. நான் போன் பண்ணாம வண்டி கெளம்பக் கூடாது" என்றாள்.

"ஆறிப்போவுமே பாப்பா?"

"தம் உடைக்காதீங்க. யாரு கூப்பிட்டாலும் என் குரலைக் கேட்டாத்தான் வண்டியை எடுக்கணும். எதுக்குன்னு கேக்காதீங்கண்ணே."

அவர் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மாலை மண்டபம் நிறைந்துவிட்டது. கலைமதி முகக்கவசம் போட்டுக்கொண்டு பின்கட்டிலேயே நின்று வேலை வாங்கினாள். கதவிடுக்கு வழியாக வந்தவர்களைப் பார்த்தாள். நிச்சயத்தன்று தட்டு மாற்றியபோது உட்கார்ந்திருந்தவர்கள், சாவிக் கொத்தோடு ஓடி வந்த பெண்மணி, "சரிங்க, சரிங்க" என்றவர்கள், எல்லோரும் வந்திருந்தார்கள். முன்வரிசையில் சின்னம்மாள், கழுத்தில் இரட்டை வடத்தோடு. பூபதி பட்டு வேட்டியில் ஒவ்வொருவராகப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தான். மேஜிக்காரர் வித்தை காட்டி முடித்தார். கேக் வெட்டினார்கள். கவினிலா கன்னமெல்லாம் கிரீமோடு குதித்தாள். சாப்பாட்டுக் கூடத்தில் இலை போட்டு, தண்ணீர் பாட்டிலும் வைத்தாயிற்று. முதல் பந்தி உட்கார்ந்தது. இலையில் எதுவும் விழவில்லை.

கொஞ்ச நேரத்தில் பூபதி பின்கட்டுக்குள் வேகமாக வந்தான். "என்னாம்மா, சாப்பாடு எங்க? சனமெல்லாம் எலையைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்குது."

"நாலு ரோட்டுகிட்ட நிக்குதுங்க."

"அங்க எதுக்கு நிக்குது?"

"நான் கூப்பிட்டா வரும்" என்று சொல்லி, கலைமதி முகக்கவசத்தைக் கழற்றினாள்.

அவனுக்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகு முகத்திலிருந்த ரத்தம் இறங்கியது. "கலை" என்றான்.

"கலைமதி. முழுப் பேரையும் ஞாபகப்படுத்திக்குங்க, இப்ப சொல்ல வேண்டியிருக்கும்."

"என்னா வெளையாடறியா? போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடுங்க. அவங்க வர்றதுக்குள்ள உங்க ஊர்க்காரங்க பசியோட பஸ் ஏறிடுவாங்க. பிரியாணிக்குக் கூப்பிட்டுட்டு வெறும் எலையைக் காட்டுனான் பூபதின்னு பேசுவாங்க. ஆயுசுக்கும் பேசுவாங்க. ஒரு பேச்சு எவ்ளோ தூரம் போவும்னு எனக்குத் தெரியும்."

"காசு வேணுமா? எவ்ளோ?"

"உங்க காசு யாருக்கு வேணும்? மைக்கு மேடையில இருக்குது. இண்டூர் காளியப்பன் பொண்ணு கலைமதிக்கு வலிப்பு இல்ல, நாங்க சொன்னது பொய்யின்னு சொல்லுங்க. சொல்லி முடிச்சதும் போன் போடறேன்."

அவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டான். பலூனுக்குப் பேசியதைப் போலவே பேரத்தை ஆரம்பித்தான்.

"பேரு வேணாம். பொதுவா சொல்லிடறேன்."

"பேரோட."

"ஊரைச் சொல்லல."

"ஊரோட. எங்கப்பா பேரோட."

"ஏதோ தப்பாப் புரிஞ்சுகிட்டோம்னு சொல்றேன், கலை. அதுவும் அதுவும் ஒண்ணுதானே?"

"பொய்யின்னு சொல்லணும்."

"எங்கம்மாதான் சொன்னாங்கன்னு சொல்லட்டா? அவங்கதானே வந்தாங்க? நான் வரவே இல்லையே?"

பெற்ற தாயை இவ்வளவு சீக்கிரம் விற்பான் என்று கலைமதி எதிர்பார்க்கவில்லை. அந்த நிமிஷம், இவனோடு வாழ்ந்திருக்க வேண்டியது எப்படித் தப்பியது என்று நினைத்து அவளுக்கு நிஜமாகவே சிரிப்பு வந்தது. "நாங்கன்னு சொல்லுங்க" என்றாள். "ரெண்டு பேரும் சேர்ந்துதானே?"

வெளியே யாரோ ஒரு பெரியவர் இலையைத் தட்டி, "எலை போட்டு எந்நேரமாச்சு? சோத்தைக் கண்ணுல காட்டுவீங்களா மாட்டீங்களா?" என்று சத்தம் போட்டார். அங்கங்கே சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு பூபதியின் காதில் விழுந்ததும் அவன் மேடைக்கு நடந்தான்.

மைக்கைப் பிடித்தவன் இளித்தான். "எல்லாருக்கும் வணக்கமுங்க. சாப்பாடு வந்துக்கிட்டே இருக்குது. அதுக்குள்ள ஒரு சின்ன விசயம். முன்ன எனக்கு ஒரு எடத்துல பொண்ணு பேசி நின்னுபோச்சு, உங்களுக்கெல்லாம் தெரியும். அந்தப் பொண்ணைப் பத்தி ஏதோ பேச்சு வந்துது. அதெல்லாம் நெசமில்லீங்க. சரி, இப்ப எல்லாரும்..."

கலைமதி பின்கட்டு வாசலில் நின்றிருந்தாள். போனைக் கையில் தூக்கிக் காட்டி, இல்லை என்று தலையாட்டினாள்.

அவன் அடுத்து என்ன சொல்வது என்று தடுமாறும்போது ராதிகா மேடை ஏறினாள். "எந்தப் பொண்ணுங்க? வலிப்புன்னு சொன்னீங்களே, அந்தப் பொண்ணா?"

மைக் அவளுடைய கேள்வியையும் மண்டபம் முழுக்கக் கொண்டுபோனது. முன்வரிசையிலிருந்து சின்னம்மாள் எழுந்து, "அந்த மைக்கை அணைடா!" என்று கத்தினாள். அதுவரை பேச்சைச் சரியாகக் காதில் வாங்காதவர்கள்கூட அந்தக் கத்தலுக்குத் திரும்பினார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் எழுந்து வந்து கதவருகே நின்றார்கள். பாட்டியின் கத்தலில் மிரண்ட கவினிலா அழ ஆரம்பித்தாள்.

"கேக்கறேன்ல, சொல்லுங்க" என்றாள் ராதிகா. "அப்ப அந்தப் பொண்ணுக்கு வலிப்பு இல்லையா?"

"இல்ல."

"இருக்குதுன்னு யாரு சொன்னது?"

"நாங்கதான். நானும் அம்மாவும். அது... பொய்யி."

"யாரு பொண்ணுடா? பேரைச் சொல்லு" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது. இண்டூர் மாதேஸ். காளியப்பனுக்குப் பக்கத்துக் காட்டுக்காரர்.

பூபதி தரையைப் பார்த்தபடி சொன்னான். "இண்டூர் காளியப்பன் பொண்ணு. கலைமதி."

கலைமதி போனைக் காதில் வைத்தாள். "அண்ணே, கெளம்புங்க" என்றாள்.

வேன் வந்தது. தம் உடைத்ததும் ஆவி மண்டபம் முழுக்கப் பரவியது. யாரும் பூபதியை அடிக்கவில்லை, யாரும் காறித் துப்பவும் இல்லை. பசித்த சனம் உட்கார்ந்து சாப்பிட்டது. ஆனால் ஒவ்வொரு பந்தியிலும் அதே பேச்சுத்தான் ஓடியது. பரிமாறிக்கொண்டே கலைமதி அதைக் காது குளிரக் கேட்டாள். சாவிக் கொத்துப் பெண்மணி அவள் கையைப் பிடித்து ஏதோ சொல்ல வந்தாள்; கலைமதி அவள் இலையில் இன்னொரு கறித்துண்டை வைத்துவிட்டு நகர்ந்தாள். சின்னம்மாள் சாப்பிடாமலே போய்விட்டாள். பூபதி வெளியே காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருந்தான்.

எல்லாம் முடிந்து பலூன்களை இறக்கும்போது ராதிகா வந்தாள். குழந்தை தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. அக்கா என்று கூப்பிடவில்லை.

"என்கிட்ட சொல்லியிருக்கலாமில்ல? நானே கேட்டிருப்பனே அவரை."

"வூட்டுக்குள்ள கேட்டிருப்பீங்க. அது எனக்குப் பத்தாதுங்க."

"அதுக்கு எம்புள்ள பொறந்தநாளுதான் கெடைச்சுதா உங்களுக்கு? இவ என்னா பண்ணுனா?"

கலைமதி குழந்தையைப் பார்த்தாள். குழந்தையின் கன்னத்தில் கிரீம் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது. "ஒண்ணும் பண்ணலீங்க" என்றாள். மன்னிப்புக் கேட்கலாமா என்று நினைத்தாள். கேட்டால் செய்தது முழுசுக்கும் மன்னிப்புக் கேட்டது போலாகிவிடும் என்று வாயை மூடிக்கொண்டாள். ராதிகா குழந்தையை அடுத்த தோளுக்கு மாற்றிக்கொண்டு, "நீங்க பண்ணுனது தப்புன்னும் சொல்ல முடியல, சரின்னும் சொல்ல முடியல" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விஷயம் தருமபுரி முழுக்கப் பரவிவிட்டது. அடுத்த மாதத்துக்குப் பேசியிருந்த இரண்டு பார்ட்டிக்காரர்கள், சோற்றை நிறுத்துகிறவளிடம் வேலை கொடுக்கப் பயமாக இருக்கிறது என்று முன்பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுத்துவிட்டாள். கடை கொஞ்ச நாள் படுக்கும் என்று தெரிந்தது. வருத்தப்பட்டுப் பார்த்தாள், வருத்தம் வரவில்லை.

விசேஷம் முடிந்த மூன்றாம் நாள் காலை பஸ் பிடித்து இண்டூருக்குப் போனாள். காளியப்பன் காட்டில் தக்காளிச் செடிகளுக்குக் குச்சி நட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் நிமிர்ந்தார், உடனே குனிந்துகொண்டார்.

"மாதேஸ் வந்து சொன்னான்" என்றார். "அவன் ஒண்ணுக்கு ரெண்டா சொல்ற ஆளு. நீ சொல்லு. அவன் என்னா சொன்னான்?"

சொன்னாள்.

"அந்த வார்த்தையை அப்படியே சொல்லு. பொய்யின்னு சொன்னானா?"

"சொன்னான்பா."

"எம்பேரைச் சொன்னானா?"

"இண்டூர் காளியப்பன்னு சொன்னான்."

"மைக்கிலயா?"

"மைக்கிலதான். வெளிய ரோட்டுல போறவனுக்கும் கேட்டிருக்கும்."

அவர் ஒரு செடியைக் கட்டி முடித்தார். அடுத்ததைக் கட்டப் போனவர் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்தார். "சின்னம்மா மூஞ்சி எப்படி இருந்துது?"

அதையும் சொன்னாள். இரட்டை வடத்தை, எழுந்து கத்தியதை, இலையைத் தொடாமல் போனதை. கேட்கக் கேட்க அவர் முகத்தில் ஒரு பசி தெரிந்தது. அப்பாவின் முகத்தில் அவள் இதுவரை பார்க்காத பசி. குழந்தை அழுததை மட்டும் அவள் சொல்லவில்லை.

முடித்ததும் காளியப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவள் உட்கார வரப்பில் இடம் விட்டு நகர்ந்தார்.

"இன்னொரு தடவை சொல்லும்மா" என்றார். "மொதல்ல இருந்து. மெதுவா சொல்லு."